எட்டே முக்காலுக்குப் பூட்டும் கேட்

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி நோராவின் பெட்டியைத் திறந்ததும் மேலாக ஒரு வெல்டிங் முகமூடி கிடந்தது. அவர் அதை எடுத்து, கறுப்புக் கண்ணாடி வழியே விளக்கைப் பார்த்து, தன் முகத்தில் ஒருமுறை வைத்தும் பார்த்தார்.

"இது எதுக்கும்மா?" என்று என்னிடம் கேட்டார்.

"அவங்க வெல்டிங் ஆசிரியை."

"நீங்க?"

"வயரிங்."

எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பிளம்பிங் பின்னால வருதா?" என்று கேட்டுவிட்டு அனுப்பி வைத்தார்.

என் பெட்டியைத் திறந்திருந்தால் பட்டியல்கள்தான் கிடைத்திருக்கும். கொண்டுபோக வேண்டியவை, கேட்க வேண்டியவை, சாப்பிட வேண்டியவை என்று தனித்தனியாக. முதலிரண்டும் முதல் மூன்று நாளிலேயே உதவாமல் போயின. மூன்றாவது கடைசிவரை துணை நின்றது.

நானும் நோராவும் மலேசியாவில் தாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரியில் வேலை செய்கிறோம். நோரா செமாய் இனத்துப் பெண். அந்த மண்ணின் பூர்வகுடி. எங்கள் கல்லூரியில் பூர்வகுடி மாணவர்கள் சேருவார்கள், சில மாதங்களில் நின்றுவிடுவார்கள். நோராவே அப்படி இரண்டு முறை நின்றவள். மூன்றாவது முறை படித்து முடித்து, இப்போது அங்கேயே கற்பிக்கிறாள். அவளுக்குப் பிறகு பாதியில் நிற்பவர்கள் குறைந்துபோனார்கள். இந்தச் செய்தி எப்படியோ கடல் கடந்து புதுச்சேரியில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தின் காதில் விழுந்தது. அங்கே முதன்முறையாக நான்கு இருளர் பெண்களை மின்பணியாளர் பிரிவில் சேர்த்திருந்தார்கள். அவர்களை நிலைக்கவைப்பது எப்படி என்று சொல்லித்தர எங்களை ஒரு வாரத்துக்கு அழைத்தார்கள். நோரா பேசியதெல்லாம் மலாயில். இங்கே வருவது என் தமிழில்.

திங்கட்கிழமை எங்களை அழைத்துப்போக வந்த ஓட்டுநர் சலீம் பாயிடம் ஒரு அட்டை இருந்தது. 'மலேசியப் பழங்குடித் தலைவியே, வருக!' அவர் நேராக என்னிடம் வந்து பொன்னாடையைப் போர்த்திவிட்டு, நோராவிடம் டிராலியை வாங்கிக்கொண்டார்.

"நான் இல்லண்ணே, அவங்க," என்றேன்.

சலீம் பாய் ஜீன்ஸும் குளிர்க்கண்ணாடியுமாக நின்ற நோராவைப் பார்த்தார். "இவங்களா? நான் சைனாக்காரங்கன்னு நினைச்சேன். ஆரோவில்லுக்குப் போறவங்கன்னு தள்ளி நின்னேன்."

மொழிபெயர்த்தேன். நோரா தலையாட்டினாள். "மணிலாவில் என்னைத் தாய்லாந்துக்காரி என்றார்கள். தாய்லாந்தில் ஒன்றும் சொல்லவில்லை, என்னிடமே வழி கேட்டார்கள். பூர்வகுடி என்று மட்டும் இதுவரை யாரும் தானாகக் கண்டுபிடித்ததில்லை."

பொன்னாடை என் தோளிலிருந்து அவள் தோளுக்கு மாறியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏசி வேலை செய்யாததால், மரக்காணம் தாண்டுவதற்குள் அது வியர்வை துடைக்கும் துண்டாகிவிட்டது.

எங்களுக்கு அறை புதுச்சேரியில், சாரம் என்ற பகுதியில். அன்று இரவு சாப்பாடு சலீம் பாய் வீட்டிலிருந்து வந்தது: இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். எங்கள் ஊரில் புட்டு மாயாம் என்று தேங்காயும் சர்க்கரையும் தொட்டுச் சாப்பிடுகிற பண்டம் இங்கே ஆட்டுக்காலோடு குடும்பம் நடத்துவதைப் பார்த்து நோரா இன்னும் இரண்டு இடியாப்பம் எடுத்துக்கொண்டாள். பிறகு, "நாம் இவ்வளவு காலம் தவறாகச் சாப்பிட்டுவிட்டோம்," என்றாள்.

செவ்வாய்க்கிழமை, புதுச்சேரியிலேயே இருக்கும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் போனோம். ஒரு பக்கம் பிளாஸ்டிக் கம்பெனி, மறுபக்கம் பிஸ்கட் வாசனை, நடுவில் பயிற்சி நிலையம். கேட் புதிதாகப் பச்சை பூசி மின்னியது. கேட்டுக்கு அருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் காவலாளி கோவிந்தன். அவருக்குப் பின்னால் சுவரில் பெரிய கடிகாரம். கேட்டைவிடக் கடிகாரத்தைத்தான் அவர் காவல் காப்பதுபோல் இருந்தது.

முதல்வர் சேவியர் சார் வாசலுக்கே வந்தார். உயரமான மனிதர், சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர் என்பது அவர் வாயைத் திறந்ததுமே தெரிந்துவிடும்.

"போன்ழூர், போன்ழூர்! வாங்க. பர்தோன், மன்னிக்கணும், ஏசி வண்டி அனுப்பினேன், ஏசி வரலியாமே. நம்ம இன்ஸ்டிடியூட்ல ரெண்டே ரூல் மேடம். ஒண்ணு ஷூ. ரெண்டு டைம். எட்டே முக்காலுக்கு கேட்டப் பூட்டிடுவோம். அப்புறம் பத்தரைக்குத்தான். நடுவுல வந்தா அரைநாள் லீவு."

"யார் வந்தாலுமா?"

"யார் வந்தாலும். நானே வந்து சொன்னாலும் தொறக்கக்கூடாதுன்னு கோவிந்தனுக்குச் சொல்லிவச்சிருக்கேன்." கோவிந்தன் ஸ்டூலிலிருந்து எழுந்து இதை ஒப்புக்கொண்டார்.

அறைக்குள் போனதும் சேவியர் சார் குரல் தாழ்ந்தது. "நாலு பொண்ணுங்களும் நல்ல பொண்ணுங்க. மூள இருக்கு. ஆனா டைமுக்கு வரமாட்டாங்க. அதுல சங்கீதான்னு ஒரு பொண்ணு, அவதான் கெட்டி. அவளுக்குத்தான் அட்டென்டன்ஸ் ரொம்பக் கம்மி. இந்த மாசக் கடைசியில பேர அடிச்சாவணும். எனக்கு மட்டும் ஆசையா? ரூல்." உடனே முகம் மலர்ந்தது. "அதுக்குத்தான் விழா! வெள்ளிக்கிழமை. இணை இயக்குநர் மேடமே வராங்க. பழங்குடி நல்லிணக்க விழா. நம்ம பொண்ணுங்க ஆடப்போறாங்க. ஒரு உற்சாகம் வரும் பாருங்க, அப்புறம் லேட்டா வருவாங்களா?"

பயிற்சிக் கூடத்தில் அந்த உற்சாகத்தின் முதல் தவணையைப் பார்த்தோம். நாடகக் கம்பெனிக்கு உடை வாடகைக்கு விடும் கடையிலிருந்து ஒரு சாக்கு மூட்டை வந்து இறங்கியிருந்தது. புலித்தோல் அச்சடித்த துணி, மயிலிறகுக் கிரீடம், பிளாஸ்டிக் எலும்பு மாலை. ஒல்லியாக, நெற்றியில் கிரீஸ் தடத்தோடு நின்ற பெண் புலித்தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். அவள்தான் சங்கீதா.

"இது இன்னா சார்?"

"உங்க பாரம்பரிய உடம்மா."

"எங்களதா? எங்கம்மா வீட்டுல நைட்டி, வெளிய போனா பொடவ. நைட்டி போட்டுக்கினு ஆடட்டுமா சார்?"

மற்ற மூன்று பெண்களும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தோள்கள் குலுங்கின.

"விளையாடாதம்மா. ஒரு சின்னப் பாம்பு ஏதாச்சும் புடிச்சுக் காட்டினாக்கூட மேடத்துக்கு..."

"எனக்குப் பல்லின்னாலே ஆவாது சார்."

சேவியர் சார் உதவிக்கு எங்களிடம் திரும்பினார். "இவங்க ஊர்ல ஊதி அம்பு விடுற குழல் இருக்குமாமே? கொண்டாந்திருக்காங்களா? அவங்க டிரஸ்ஸு?"

மொழிபெயர்த்தேன். நோரா பையிலிருந்து வெல்டிங் முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கண்ணாடியைத் தூக்கினாள். "இதுதான் என் உடை. குழலைப் பற்றித் தெரியாது. என் அப்பாவிடம் இருந்தது யமஹா பைக்."

சங்கீதா சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து, "அக்கா, அவங்களையும் இப்படி ஆடச் சொல்லியிருக்காங்களா, கேளுங்க," என்றாள்.

நோரா சொன்னாள்: முதல் முறை சேர்ந்தபோது ஓர் ஊர்வலத்துக்குத் தலையில் ஓலைக் கிரீடம் வைத்தார்கள். கழுத்தெல்லாம் அரிப்பு. அடுத்த வாரம் நின்றுவிட்டாள். இரண்டாவது முறை ஆட்டம் இல்லை, கிரீடம் இல்லை. ஆனால் அவள் கிராமத்திலிருந்து வண்டியும் இல்லை. நின்றுவிட்டாள். மூன்றாவது முறை கல்லூரி ஒரு வேன் விட்டது. டுரியான் பழம் விழுகிற பருவத்தில் வீட்டுக்குப் போய்வர விடுப்பும் கொடுத்தது. படித்து முடித்தாள்.

"அப்போ வேன்தான் மேட்டரு," என்றாள் சங்கீதா, தன் தோழிகளிடம்.

அன்று மாலை சலீம் பாய் எங்களைக் கடற்கரைக்கு அழைத்துப்போனார். பிரெஞ்சுக்காரர் காலத்து மஞ்சள் சுவர் ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு குடும்பம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. நோரா ஒரு சுவரைத் தொட்டுப் பார்த்தாள். "இந்த மஞ்சளுக்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள்?"

சலீம் பாயிடம் கேட்டேன். அவர் நன்றாக யோசித்தார். "முன்னாடி ஒரு டெய்லர் கட இருந்துச்சுக்கா. இப்போ காபிக் கட. காபி முந்நூறு ரூபா." நாங்கள் சுண்டல் வாங்கிக்கொண்டோம்.

புதன்கிழமை நோரா என் 'கேட்க வேண்டியவை' பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, "அவர்களோடு பஸ்ஸில் வரலாம்," என்றாள். விடிந்ததும் சலீம் பாய் எங்களை ஏரிக்கரைக் குடியிருப்பில் இறக்கிவிட்டார். பெண்கள் நால்வரும் ஷூ மாட்டி, தலை வாரி, ஆயத்தமாக நின்றார்கள். சங்கீதாவின் அம்மா சூடான தோசையை வாழையிலையில் சுருட்டிக் கையில் திணித்தார். அவர் போட்டிருந்தது, சொன்னபடியே, நைட்டி.

ஏரிக்கரையிலிருந்து தொழிற்பேட்டை வானத்தில் பறந்தால் பக்கம்தான். பஸ்ஸுக்கு அந்த வழி தெரியாது. முதலில் சாலைக்கு நடக்க வேண்டும். காலை நேரத்துக்கு ஒரே ஒரு தனியார் பஸ். அது நகரத்துப் பேருந்து நிலையத்துக்குப் போகும். அங்கிருந்து வேறு பஸ் பிடித்து, வந்த திசையிலேயே பாதி தூரம் திரும்பிவர வேண்டும். பஸ் நிற்குமா என்பது அன்றைய கண்டக்டரின் மனநிலையைப் பொறுத்தது.

அன்று நிற்கவில்லை. நின்றவர்களைப் பார்த்துவிட்டு வேகமெடுத்தது.

"நம்மளப் பார்த்தா நிக்கமாட்டான்," என்றாள் சங்கீதா சாதாரணமாக. "சில்லறைக்கு அலையணும்னு நினைப்பான். வேற யாராச்சும் கை காட்டினா நிப்பான். அதுக்குத்தான் தெனமும் ஒரு தாத்தா வந்து நிப்பாரு. இன்னிக்கு அவருக்குக் காய்ச்சல் போல."

இதற்கு என்னிடம் எந்தப் பட்டியலும் இல்லை. நோரா செயலில் இறங்கினாள். பஸ் அடுத்த வேகத்தடையில் தடுமாறியபோது ஓடிப்போய் எதிரே நின்றாள். வெளிநாட்டு முகம், குளிர்க்கண்ணாடி. பஸ் பணிவாக நின்றது. கண்டக்டர் இறங்கிவந்து, "ஆரோவில்லா மேடம்?" என்றார். நோராவுக்குத் தமிழில் தெரிந்தது ரப்பர் தோட்டத்துத் தமிழ் நண்பர்களிடம் கற்ற நாலைந்து சொற்கள். அவற்றில் இரண்டைப் பயன்படுத்தினாள். "அண்ணே! சரி!" பின்னால் வந்த நால்வரையும் உள்ளே ஏற்றினாள்.

அத்தனை செய்தும், நாங்கள் பச்சைக் கேட்டுக்கு வந்தபோது அது பூட்டியிருந்தது. கோவிந்தன் கம்பிகளுக்கு அப்பால் கை கட்டி நின்றார்.

"நாங்க மலேசியாவுலேந்து வந்த விருந்தாளிங்க," என்றேன்.

"தெரியும் மேடம். நேத்து வணக்கம் சொன்னேனே."

"அப்போ திறங்க."

"பத்தரைக்கு."

பெண்கள் இதை வேடிக்கை பார்க்கக்கூட நிற்கவில்லை. சாலையைக் கடந்து எதிர்ப்புறத் தேநீர்க் கடைக்குப் போய்விட்டார்கள். அங்கே ஓலைக் கூரைக்குக் கீழே ஒரு மேசை. அதன்மேல் ஒரு மிக்சி, குடல் வெளியே தெரிய. பக்கத்தில் ஒரு மேசை விசிறி. சங்கீதாவின் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவர், டெஸ்டர், தாமிரக் கம்பிச் சுருள் ஒன்று. கடைக்காரர் பாக்கியம் அக்கா பிளக் பாயிண்டைக் காட்டி, "நாலு டீயா ஆறு டீயா?" என்றார்.

"இங்க இன்னா பண்றீங்க?" என்று சங்கீதாவிடம் கேட்டேன். ஒரே நாளில் எனக்கும் 'இன்னா' ஒட்டிக்கொண்டிருந்தது.

"பத்தரை வரைக்கும் சும்மா ஒக்காரணுமா? கம்பெனி ஆளுங்க வீட்டு மிக்சி, பேனெல்லாம் அக்கா வாங்கி வைப்பாங்க. நாங்க காயில் கட்டுவோம். உள்ள காயில் கட்டுறதுக்கு மெஷின் ஒண்ணுதான், முப்பது பேரு. இங்க நாலு பேரு, நாலு மிக்சி."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். விசிறியின் காயிலில் அவள் சுற்றுகளைச் சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டு வந்தாள். ஓரிடத்தில் தவறாகக் கட்டிவிட்டு, தானே திட்டிக்கொண்டு, பிரித்து மறுபடியும் கட்டினாள். நான் ஒரு இணைப்பைச் சரி செய்து காட்டினேன். நோரா பாக்கியம் அக்காவின் உடைந்த அடுப்புக் காலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்; வெல்டிங் இயந்திரம் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. மசால் வடை வந்தது. தேநீர் எங்கள் ஊர்த் தே தாரிக்கைவிடச் சிறிய கோப்பையில், இரண்டு மடங்கு சர்க்கரையோடு.

சற்று நேரத்தில் சேவியர் சார் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கதவு வழியாக வியர்த்துப்போய் வந்தார். "மோன் தியூ! பர்தோன் மேடம், பர்தோன்! கோவிந்தா, விருந்தாளிங்களத் தெரியாது? வாங்க, உள்ள வாங்க."

நான் எழுந்தேன். நோரா எழவில்லை. "நால்வரும்?" என்று கேட்டாள். மொழிபெயர்த்தேன்.

"அவங்க ஸ்டூடன்ட்ஸ் மேடம். ரூல்."

நோரா வடையைக் கடித்தாள். "நாங்களும் அதே பஸ்ஸில்தான் வந்தோம். பத்தரைக்கு வருகிறோம்."

சேவியர் சார் வந்த கதவு வழியாகவே திரும்பிப் போனார். பத்தரைக்கு நாங்கள் ஆறு பேரும் வரிசையாக உள்ளே போனோம். கோவிந்தன் வணக்கம் சொன்னார்.

வியாழக்கிழமை மாலை சேவியர் சார் எங்களைக் குருசுக்குப்பத்தில் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். இல்லை. அவர் மனைவி வஞ்சிர மீன் குழம்பு வைத்திருந்தார். நோரா குழம்பை நக்கிப் பார்த்துவிட்டு, "எங்கள் வீட்டில் மீனை மூங்கிலுக்குள் வேகவைப்போம்," என்றாள். உடனே மீன் பற்றிய பேச்சு இரண்டு மொழியிலும் பெருகியது. நான் மொழிபெயர்க்க அவசியமே இல்லாமல் போயிற்று.

சாப்பாடு முடிந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபோது வேன் பேச்சை எடுத்தேன். எழுதிப்போடலாம், இரண்டு வருடம் ஆகும் என்றார். அப்படியானால் கேட்டை அரை மணி தள்ளிப் பூட்டலாமே என்றேன்.

அவர் நாற்காலியைக் கடல் பக்கம் திருப்பிப் போட்டார். "மேடம், எங்கப்பா கட்டுமரத்துல போனவரு. ஸ்கூலுக்கு நான் போனா பெஞ்சுல பக்கத்துல ஒக்கார்றவன் மூக்கப் பொத்துவான். வாத்தியார் வரவரைக்கும் ஜன்னலத் தொறந்து வைப்பான். நான் ஒரு நாளு லேட்டாப் போனா இன்னா சொல்வாங்க தெரியுமா? 'குப்பத்துப் பையன், அப்படித்தான் இருப்பான்.' அந்த ஒரு வார்த்தையச் சொல்ல விடக்கூடாதுன்னே மணி அடிக்கிறதுக்கு முன்னாடி போயி நிப்பேன். இந்தப் பொண்ணுங்களையும் எவனும் ஒரு சொல்லு சொல்லக்கூடாது. அதுக்குத்தான் மேடம் கேட்டு."

நோராவிடம் மெல்லச் சொன்னேன். அவள் நிதானமாக, "உங்கள் பள்ளி வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள்.

"நடந்து போற தூரம்தான். தோ, அந்தத் தெருமுனையில."

நோரா அந்தத் தெருமுனையை எட்டிப் பார்த்தாள். சேவியர் சாரின் மனைவி உள்ளேயிருந்து, "ஒருநாள் அந்த பஸ்ஸுல போயித்தான் பாருங்களேன்," என்று குரல் கொடுத்தார்.

சேவியர் சார் மறுநாள் அந்த பஸ்ஸில் போனது மனைவி சொன்னதற்காக அல்ல, பயத்தால்தான். வெள்ளிக்கிழமை பெண்கள் வராமலே போய்விட்டால் விழா என்ன ஆகும்? "நானே போயி கூட்டியாந்துடறேன்," என்றார். உடை மூட்டையைக் கூடத்தில் விட்டுவைத்தால் பெண்கள் ஒளித்துவிடுவார்கள் என்று அதையும் தூக்கிக்கொண்டார். நிலையத்துக்கு இருந்தது ஒரே கார். சலீம் பாய் காலையில் எங்கள் மூவரையும் ஏரிக்கரையில் இறக்கிவிட்டு, இணை இயக்குநரை அழைத்துவரப் போய்விட்டார். போகும்போது கண்ணாடியை இறக்கி, "சார், சில்லற வச்சிக்கோங்க," என்றார்.

பஸ் நின்றது. தாத்தாவுக்குக் காய்ச்சல் சரியாகியிருந்தது. ஆனால் உள்ளே நிற்க இடமில்லை. கண்டக்டர் மூட்டையைப் பார்த்தார். "இதுக்கு லக்கேஜ் போடணும்."

"அரசு நிகழ்ச்சிப்பா."

"அரசு பஸ்ஸு என்னிக்காச்சும் வரும். அதுல போறீங்களா?"

சேவியர் சார் லக்கேஜ் டிக்கெட் வாங்கினார். மூட்டையின் வாயிலிருந்து மயிலிறகு வெளியே நீண்டு, முன்னால் நின்ற பெரியவரின் காதைத் தடவியது. அவர் இரண்டு முறை ஈ என்று நினைத்து அடித்தார். மூன்றாவது முறை திரும்பிப் பார்த்தார்.

"எந்த டிராமா ட்ரூப்பு சார் நீங்க?"

"நான் பிரின்சிபாலுங்க."

"ராஜா வேஷமா, அப்போ?"

சங்கீதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும்.

பேருந்து நிலையத்தில் இரண்டாவது பஸ் எங்கள் கண் முன்னால் கிளம்பியது. சேவியர் சார் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அதன் பின்னால் ஓடினார். நல்ல உயரம், நல்ல ஓட்டம். பஸ்ஸுக்கு அதைவிட நல்ல ஓட்டம். அடுத்ததற்காக நின்றோம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பார்ப்பதை நிறுத்தினார். சலவை மடிப்பு கலைந்துவிட்டது.

"தெனமும் இப்படித்தானாம்மா?" என்று சங்கீதாவிடம் கேட்டார்.

"இல்ல சார். தெனமும் மூட்ட இருக்காது."

கேட் பூட்டியிருந்தது. உள்ளே பந்தல், ஒலிபெருக்கி, வரிசையாக நாற்காலிகள்; சலீம் பாயின் கார் மர நிழலில் நின்றது. இணை இயக்குநர் வந்துவிட்டார்.

"கோவிந்தா, தொற."

கோவிந்தனின் முகம் வெளிறியது. ஆனால் சாவி அசையவில்லை. "சார், நீங்கதான சொன்னீங்க. நானே வந்து சொன்னாலும் தொறக்கக்கூடாதுன்னு."

"அது நான்தான்யா சொன்னேன். இப்பவும் நான்தான்யா சொல்றேன்!"

"போன தடவ ஸ்டோர் மேனேஜருக்குத் தொறந்ததுக்கு மெமோ குடுத்தீங்க சார். அந்தச் சின்னக் கதவத் தொறந்து வச்சிருந்தேன்னு முந்தாநேத்து திட்டுனீங்க, அதுக்கும் பூட்டுப் போட்டாச்சு. மேடம் உள்ள வந்தப்புறம் ஒருத்தரையும் வுடாதன்னு நேத்தும் சொன்னீங்க." கடைசியில் அழாத குறையாக, "பத்தரைக்கு சார்," என்றார்.

எங்களுக்குப் பின்னால் பாக்கியம் அக்கா குரல் கேட்டது. "ஏழு டீயா?"

சேவியர் சார் சாலையைக் கடந்து வந்து, மேசை முன் பெஞ்சில் உட்கார்ந்தார். மூட்டையைக் கால்களுக்கிடையே வைத்துக்கொண்டார். அவர் முன்னால் ஒரு மிக்சி திறந்து கிடந்தது. சங்கீதா பையைத் திறந்து, நேற்று பாதியில் விட்ட விசிறிக் காயிலை எடுத்தாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரும் மின்பணியாளர் பிரிவில் தொடங்கியவர்தான்.

"எத்தன மிக்சி பண்ணியிருக்க?"

"எண்ணல சார். லேட்டான நாளெல்லாம்."

உள்ளே ஒலிபெருக்கியில் யாரோ "முதல்வர் அவர்கள் உடனே மேடைக்கு வரவும்" என்று மூன்று முறை அழைத்தார்கள். முதல்வர் அவர்கள் தேநீரை ஊதினார்.

சற்று நேரத்தில் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டுப்புடவை வந்து நின்றது. நடுத்தர வயது, கண்ணாடி, கையில் வாடிய பூச்செண்டு. இணை இயக்குநர் மேடம் கம்பி வழியே பார்த்தார். கோவிந்தன் அவருக்கும் திறக்கலாமா என்று யோசித்தது அவர் கண்ணிலேயே தெரிந்தது. வெளியே போவதற்கு ரூல் ஏதும் இல்லை என்று நினைவு வந்திருக்க வேண்டும், திறந்தார். மேடம் வெளியே வந்ததும் மறுபடியும் பூட்டினார்.

சேவியர் சார் எழுந்தார். மூட்டை சரிந்து, புலித்தோலும் எலும்பு மாலையும் சாலையோரம் கொட்டின.

"இதெல்லாம் யாருக்கு?" என்றார் மேடம்.

"சாருக்குங்க," என்றாள் சங்கீதா. "அவருதான் ஆடப்போறாரு."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு மேடம் சிரித்தார். பிறகு எல்லோரும். கேட்டுக்கு அப்பால் கோவிந்தன் சிரித்த சத்தம்தான் கடைசியாக ஓய்ந்தது.

சேவியர் சார் மட்டும் சிரிக்கவில்லை. புலித்தோலைப் பொறுக்கி மூட்டைக்குள் போட்டார். "மேடம், இந்தப் பொண்ணு பேர இந்த மாசம் அடிக்கிறதா இருந்தேன். லேட்டா வர்றான்னு. இன்னிக்கு நானே அவ கூட பஸ்ஸுல வந்தேன்." அவர் கோவிந்தனைக் காட்டினார். "என் கேட்டுலயே என்ன வுடல." அத்துடன் சங்கீதாவின் பக்கம் திரும்பினார். எதற்கெடுத்தாலும் பர்தோன் சொல்கிறவர், அப்போது அதைச் சொல்லவில்லை. "தப்பு எங்களுதும்மா," என்றார்.

சங்கீதா குனிந்து விசிறியின் ஸ்விட்சைப் போட்டாள். அது நின்று, யோசித்து, சுற்றத் தொடங்கியது. மேடத்தின் பூச்செண்டிலிருந்து இதழ்கள் பறந்தன.

மேடம் நாற்காலியை விசிறிக்கு நேராக இழுத்துக்கொண்டார். உள்ளே பந்தலில் விசிறி இல்லை என்று பிறகு தெரிந்தது. நோரா வேன் கதையைச் சொன்னாள், நான் மொழிபெயர்த்தேன். மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வேன் வர ஃபைல் நகரணும் சார். எழுதுங்க, நான் தள்ளிவிடறேன். ஆனா மணி நகர ஃபைல் எதுக்கு? அது உங்க கையில இருக்கு. இங்க இந்தப் பொண்ணு செய்யறது ப்ராக்டிகல்ல சேராதா?"

"சேரும் மேடம். நானே பார்த்தேனே. நானே கையெழுத்துப் போடறேன்."

"மேடம்," என்றாள் சங்கீதா, விசிறியைப் பிடித்தபடி. "ஆட்டம்?"

"பஸ்ஸுல வந்த களைப்புல யாரு ஆடுவா?" என்றார் மேடம். "ஏம்மா, எனக்கும் ஒரு டீ."

பத்தரைக்குக் கேட் திறந்தது. விழா நடந்தது. வரவேற்புரை, பொன்னாடை, நன்றியுரை. நோரா பாக்கியம் அக்காவின் அடுப்புக் காலை மேடையிலேயே வெல்டிங் செய்து காட்டினாள். பூரியும் கேசரியும் நன்றாக இருந்தன.

சனிக்கிழமை விமானத்துக்குக் கிளம்பினோம். சலீம் பாய் தொழிற்பேட்டை வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். சேவியர் சாரிடம் விடைபெற வேண்டியிருந்தது. புதிய நேரம் அன்றிலிருந்து. ஏரிக்கரை பஸ் வந்துசேரும்வரை கேட் திறந்திருக்க வேண்டும். அதற்காகத் திறப்பதையும் கொஞ்சம் தள்ளிப்போட்டு, கோவிந்தனுக்கு வழக்கத்தைவிடத் தாமதமாக வரலாம் என்று சொல்லியிருந்தார்களாம்.

அன்று பார்த்து எல்லா பஸ்ஸும் சரியாக வந்திருந்தன. கேட் பூட்டியிருந்தது. நான்கு பெண்களும் அதன் முன்னால் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், கசங்காத வெள்ளைச் சட்டையில், சேவியர் சார். தெருமுனையிலிருந்து கோவிந்தன் சாவியைத் தூக்கிப் பிடித்தபடி சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்துகொண்டிருந்தார்.

சங்கீதா சுவர்க் கடிகாரத்தைக் கம்பி வழியே பார்த்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னாண்ணா," என்றாள், "அரைநாள் லீவு போடட்டுமா?"